உள்ளமைதிக் கோப்பை

மனித குலம் கண்டுபிடித்தவற்றுள் தலைசிறந்தது சக்கரம் என்று சிலர் சொல்கிறார்கள். இல்லை, நெருப்பு என்று வேறு சிலர் சண்டைக்கு வருகிறார்கள். இரண்டு தரப்பினரும் சக்கரத்தின் மேல் நெருப்பை ஏற்றி ஓட்டுகிற ஒரு பழைய காருக்குள் உட்கார்ந்து பார்க்காதவர்கள். உட்கார்ந்து எழுந்தவர்களைக் கேளுங்கள். அவர்கள் காதில் விழுகிற அளவுக்குக் கத்திக் கேளுங்கள். நாகரிகத்தின் சிகரம் பஞ்சுதான் என்பார்கள்.

இந்த உண்மையை முதலில் உணர்ந்து உலகுக்கு வழங்கிய பெருமை நம் குறை கேட்பு அலுவலரையே சேரும்.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். ஆனால் பதவி அதை எப்போதோ விழுங்கிவிட்டது. அவர் வருவதற்கு முன் அந்தப் பதவி சந்தைக் கடையாகக் கிடந்தது. காலையிலிருந்து வரிசை, வரிசை முழுக்கக் குறை, ஆண்டறிக்கை தலையணை கனத்துக்கு வரும். அவர் நாற்காலியில் அமர்ந்ததும் ஒரே ஒரு சீர்திருத்தம்தான் செய்தார். தம் அறைக் கதவுக்கு மெத்தை போட்டார். உள்ளே ஸ்பாஞ்சு, மேலே பழுப்பு ரெக்சின், ஓரமெல்லாம் பித்தளை ஆணி. மூடினால் 'புஸ்' என்று ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். வெளியே நின்று மக்கள் தட்டினார்கள். பஞ்சுப் பொதியைத் தட்டினால் என்ன கேட்குமோ, அதுதான் உள்ளே கேட்டது. அந்த ஆண்டு அறிக்கை ஒரே வரியில் முடிந்தது:

"பெறப்பட்ட புகார்கள்: இல்லை."

மேலிடம் மெய்சிலிர்த்தது. மற்ற அலுவலகங்களிலிருந்து குழுக்கள் வந்து கதவைத் தடவிப் பார்த்துவிட்டுப் போயின. இலக்கணம் படித்துக் கெட்டுப்போன ஒரு குமாஸ்தா மட்டும், "குறை கேட்பு என்பது வினைத்தொகை. குறைந்த கேட்பு, குறைகின்ற கேட்பு, இனி குறையும் கேட்பு. முக்காலமும் அடங்கிவிட்டது" என்று சொல்லித் திரிந்தார். அவரும் ஒருநாள் அந்தக் கதவைத் தட்டிப் பார்த்து அடங்கிவிட்டார்.

இனி கார்.

அது அலுவலரின் மனைவியுடைய அப்பா வைத்திருந்த கார். அதில்தான் அவர் மகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். சாகும்போது மகளுக்கே கொடுத்துவிட்டுப் போனார். பதிவும் மகள் பெயரில்தான். ஆகவே வீட்டில் எல்லோரும் அதை 'ஐயாவோட கார்' என்றே சொல்வார்கள். ஐயா என்பது அலுவலர்.

நெடுங்காலம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த அந்த வண்டிக்கு அலுவலர் மறுவாழ்வு கொடுத்தார். துருவைச் சுரண்டி, தகரம் ஒட்டி, பாலாடை நிறத்தில் பெயின்ட் அடித்து, பம்பருக்கு முகம் பார்க்கிற மாதிரி மெருகேற்றினார். தெருவில் போனால் திரும்பிப் பார்க்காதவர் இல்லை. உள்ளே உட்கார்ந்தால் வெளியே திரும்பி வர விரும்பாதவரும் இல்லை. கதவு கடகடக்கும், கண்ணாடி கிடுகிடுக்கும், தரைத் தகரம் கல்யாணத்துக்கு வந்த சித்தப்பா மாதிரி எல்லாவற்றுக்கும் சேர்ந்து குரல் கொடுக்கும். சூடு தனி. சைலன்சர் குழாய் சரியாக இடப்பக்க இருக்கைக்கு அடியில் போனது. இடப்பக்க இருக்கையில் மனைவி இருந்தார்.

"ஏங்க, நான் ஒரு தடவ ஓட்டிப் பாக்கட்டுமா?"

"என்ன?"

"நான் ஓட்டட்டுமான்னு கேட்டேன்!"

"சத்தத்துல ஒண்ணும் கேக்கல. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

வீட்டுக்குப் போனால் தொலைக்காட்சியின் சத்தம். அடுத்த வாரம் மறுபடி காரின் சத்தம்.

"காலு சுடுதுங்க!"

"ஆமாமா, நல்ல வண்டிதான்."

இப்படி எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான் மூத்த ஊர்திகள் பேரவை ஓர் அறிவிப்பு விட்டது. இவ்வாண்டு பழைய கார் ஊர்வலத்தில் உட்புறம் மிக அமைதியாக உள்ள காருக்கு 'உள்ளமைதிக் கோப்பை' வழங்கப்படும். நடுவர் சத்தத்தை அளக்கும் ஒலிமானியோடு பின் இருக்கையில் அமர்ந்து வருவார்.

அலுவலர் அறிவிப்பை இரண்டு முறை படித்தார். அமைதி! அவருடைய துறை அல்லவா அது! மறுநாளே வண்டி மெக்கானிக் கொட்டகையில் நின்றது.

மெக்கானிக் இருக்கைகளைக் கழற்றி, தரைவிரிப்பை உரித்து, வெற்றுத் தகரத்தை விரல் முட்டியால் தட்டினார். 'டங்' என்றது.

"பாத்தீங்களா சார், மணி அடிக்குது. மொதல்ல இது நடுங்குறத நிறுத்தணும். தார்த் தாள் ஒட்டலாம். அதுக்கு மேல சூட்டுக்கு வெள்ளித்தாள் வெச்ச ஸ்பாஞ்சு. அதுக்கும் மேல கம்பளி."

ஒட்டிய இடத்தில் தட்டினார். 'டொக்' என்றது. அலுவலரின் முகத்தில் அப்படியொரு தெளிவு. 'டங்' என்பது புகார். 'டொக்' என்பது தீர்வு.

அன்றிலிருந்து அவர் கொட்டகையை அலுவலகமாக மாற்றிவிட்டார். எஞ்சினுக்கும் காலுக்கும் நடுவே இருக்கிற தகரச் சுவர் 'தலைமையகம்' ஆயிற்று. ஒயர் நுழைகிற ஓட்டைகள் 'கசிவு மையங்கள்'. டிக்கிக்குத் தனிப் பிரிவு. ஆனால் ஒரு சிக்கல்: ஒரு சத்தத்தை அடக்கினால் அதற்கு அடியில் பதுங்கியிருந்த இன்னொன்று தலைதூக்கியது. எஞ்சின் அடங்கியதும் காற்று கேட்டது. கதவுக்குப் புது ரப்பர் போட்டுக் காற்றை அடக்கியதும் டாஷ்போர்டுக் கைப்பெட்டியின் மூடி கீச்சிட்டது. அதையும் அடக்கியதும் கடிகாரம் டிக் டிக் என்றது.

"அதையும் நிறுத்திடுங்க."

"சார், அது மணி காட்டுற கடிகாரம்."

"காட்டட்டும். ஏன் பேசுது?"

இடப்பக்கத் தரைக்கு வந்ததும் மெக்கானிக் நிமிர்ந்தார். "அம்மா பக்கம் ஒட்டணுமா சார்? தாள் பத்தாது. வாங்கணும்."

"அந்தப் பக்கத்துலேர்ந்து எதுவும் புகார் வந்திருக்கா?"

"எனக்குத் தெரியாதே சார்."

"எனக்கும் எதுவும் கேக்கல. விட்டுடுங்க. மேல விரிப்பு போட்டா வித்தியாசம் தெரியாது."

கடைசியாக எஞ்சினின் சும்மா ஓட்டம். வண்டி நிற்கும்போது அது உறுமுகிற உறுமல் அலுவலருக்குப் பிடிக்கவில்லை. குறைக்கச் சொன்னார். முனகலாயிற்று. இன்னும் குறைக்கச் சொன்னார்.

"ரொம்பக் குறைச்சா நின்னுடும் சார்."

"நின்னா சத்தம் வருமா?"

"வராது சார்."

"அப்புறம் என்ன?"

மெக்கானிக் திருகுளியை இன்னொரு கால் சுற்றுத் திருப்பினார்.

வெள்ளோட்டத்துக்கு மனைவியும் வந்தார். கதவை மூடினார்கள். 'புஸ்.' பழக்கமான அந்தப் பெருமூச்சைக் கேட்டு அலுவலர் கண்ணை மூடித் திறந்தார். வண்டி கிளம்பியது. வெளியே ஒரு லாரி வாயைப் பிளந்துகொண்டு போனது. உள்ளே கொசு பறந்த மாதிரிகூட இல்லை. மனைவி மெதுவாக, கத்தாமல், மனிதர்கள் மனிதர்களிடம் பேசுகிற குரலில் கேட்டார்.

"ஏங்க, நான் ஒரு தடவ ஓட்டட்டுமா?"

"என்ன? சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது.

மனைவி அவரைப் பார்த்தார். "எந்தச் சத்தத்துல?"

அலுவலர் சாலையைப் பார்த்தார். சாலையிலும் ஒன்றும் இல்லை.

"பரிசீலனையில இருக்கு," என்றார்.

"ஊர்வலத்தன்னைக்கு நான் ஓட்டறேன். எங்கப்பா வண்டி. நான் ஓட்டி ஜனங்க பாக்கணும். அவ்ளோதான் கேக்கறேன்."

"அது சரிப்படாது. பழைய வண்டி. யார் சொன்னாலும் கேக்காது."

"யாரு மாதிரி?"

இதற்கு மேல் அந்தக் காருக்குள் அமைதி என்ற சொல்லுக்குப் புதிய பொருள் ஏற்பட்டது.

ஊர்வல நாள் வந்தது. வரிசையில் நடுநாயகமாக அலுவலரின் வண்டி. பின் இருக்கையில் நடுவர், மடியில் ஒலிமானி. முன்னால் இடப்பக்கம் மனைவி, வெறும் விரிப்புக்கு மேல் செருப்பை மாற்றி மாற்றி வைத்தபடி.

"கடைசி வரைக்கும் நீ பேசக் கூடாது," என்றார் அலுவலர். "முள்ளு ஏறிடும்."

"மூச்சு விடலாமா?"

"மெதுவா."

ஊர்வலம் நகர்ந்தது. நடுவர் அவ்வப்போது 'அடடா' என்று சொல்ல வாயெடுத்து, தம் சத்தம் கணக்கில் ஏறிவிடுமோ என்று விழுங்கிக்கொண்டார். நாற்சந்தியில் முன்னால் போன வண்டி நிற்க, அலுவலரும் நிறுத்தினார். முனகிக்கொண்டிருந்த எஞ்சின், மெக்கானிக் சொன்னபடியே, முனகுவதையும் விட்டது.

வலப்பக்கம் யாருக்கும் அது தெரியவில்லை. தார்த் தாள், ஸ்பாஞ்சு, கம்பளி மூன்றையும் தாண்டி ஓர் எஞ்சினின் மரணச் செய்தி எப்படி வந்து சேரும்? இடப்பக்கத்தில் மட்டும், விரிப்பு மட்டுமே போட்ட தகரத்தின் மேல் இருந்த இரண்டு பாதங்களுக்கு, நடுக்கம் நின்றது தெரிந்துவிட்டது.

"ஏங்க—"

"ஷ்ஷ்!"

"வந்து—"

"ஷ்ஷ்ஷ்!"

"சார், இதுவரைக்கும் பதிவானதுல உங்க 'ஷ்ஷ்'தான் அதிகம்," என்றார் நடுவர் பணிவாக. பிறகு முள்ளைப் பார்த்து மலைத்துப்போனார். "ஆனா இப்ப பாருங்க! அசையவே இல்ல! என் அனுபவத்துல ஓடுற வண்டியில இப்படி ஓர் அமைதிய நான் பாத்ததே இல்ல!"

அலுவலர் நெஞ்சு நிமிர்ந்தார். முன்னால் இருந்த வண்டி போய்விட்டதை, முள்ளையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த அவர் கவனிக்கவில்லை. பின்னால் இருந்த வண்டிகள் எல்லாம் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தன. ஒன்றும் கேட்கவில்லை. பேரவைச் செயலாளர் ஓடிவந்து, மீன்தொட்டிக்கு வெளியே நின்று மீனைக் கூப்பிடுகிறவர் போல வாயைத் திறந்து திறந்து மூடினார். அலுவலர் புன்னகையோடு கையசைத்தார். செயலாளர் பானெட்டைக் காட்டினார், கையை விரித்தார், கடைசியில் கும்பிட்டார். ஏதோ மரியாதை என்று நினைத்து அலுவலர் கதவைத் திறந்து இறங்கினார்.

ஊரே காதுக்குள் பாய்ந்தது.

"எஞ்சின் நின்னு எவ்வளவு நேரமாச்சு சார்! பின்னாடி எல்லாரும் கத்துறாங்க!"

"கத்துறாங்களா? எங்கிட்ட யாரும் சொல்லலையே!"

அலுவலர் முன்பக்கம் போய்ப் பானெட்டின் மேல் கைவைத்தார். கைவைத்ததும் எஞ்சினுக்கு உயிர் வந்துவிட்டது. தம் கையின் மகிமையை அவர் ஒரு நொடி வியந்தார். மறு நொடி நிமிர்ந்து பார்த்தார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் மனைவி.

அவர் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஓட்டுகிற பக்கம் நகர்ந்து, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்து, ஸ்டார்ட்டர் குமிழை இழுத்தார். அப்பா சொல்லித்தந்தது. நடுவர்தான் விதிமுறையை நினைத்துக் கவலைப்பட்டார்.

"ஓட்டுறவங்க நடுவுல மாறலாமாம்மா?"

"வண்டி என் பேர்லதான் இருக்கு சார்."

"அப்ப சரிம்மா."

அலுவலர் கதவுக்குப் பாய்ந்தார். கதவு 'புஸ்' என்று மூடியது. பூட்டுக் குமிழ் இறங்கியது. தட்டினார். புது ரப்பரும் பஞ்சும் நிறைந்த அந்தக் கதவு அவர் தட்டியதை 'டொக்' என்று வாங்கிக்கொண்டது. தீர்வு!

"எறங்கு! என்ன பண்றே? இது என் வண்டி! நான் சொல்றது கேக்குதா இல்லையா?"

மனைவி கண்ணாடிக்குள்ளிருந்து திரும்பி, ஒரு கையைக் காதருகே வைத்து, வாயை அசைத்தார். ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. ஆனால் அலுவலருக்கு அது எழுத்துக்கு எழுத்து புரிந்தது. அவர் இயற்றிய வாக்கியம் அல்லவா!

'சத்தத்துல ஒண்ணும் கேக்கல.'

பாலாடை நிற வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் நகர்ந்தது. சாலையோரத்து ஜனம் கை தட்டியது. அலுவலர் பின்னாலேயே சிறிது தூரம் ஓடினார், கையை ஆட்டிக்கொண்டு, கத்திக்கொண்டு. ஊர்வலத்தில் இதுவும் ஓர் அங்கம் என்று நினைத்துச் சிலர் அவருக்கும் தட்டினார்கள்.

கோப்பை அந்த வண்டிக்குத்தான். மனைவி கால் எரிச்சலோடும் சிரிப்போடும் மேடையேறி வாங்கிக்கொண்டார். நியாயமாகப் பார்த்தால் அந்தப் பெருமை முழுவதும் அலுவலருக்கே உரியது. பஞ்சு வைத்த கதவு எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதை உள்ளே உட்கார்ந்து ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர், அன்றுதான் வெளியே நின்றும் சோதித்து முடித்தார். வியர்க்க விறுவிறுக்க அவர் விழா இடத்துக்கு நடந்து வந்து சேர்ந்தபோது, நடுவர் தம் அறிக்கையின் கடைசி வரியை ஒலிபெருக்கியில் வாசித்துக்கொண்டிருந்தார்:

"பயணத்தின்போது வண்டிக்கு வெளியிலிருந்து பெறப்பட்ட புகார்கள்: இல்லை."