ஹரோவிலிருந்து வந்த பைகள்

சாமான் வைக்கிற சின்ன அறையான பொக்ஸ் ரூமின் கதவு திறக்கவில்லை. உள்ளே ஏதோ ஒரு பை சரிந்து கதவுக்கு முட்டுக் கொடுத்து நின்றது. குகதாசன் தோளால் தள்ளினான். நாலு விரல் அகலம் திறந்தது. அந்த இடைவெளியால் ஒரு பள்ளிக்கூடக் கோட்டின் கை வெளியே வந்து தொங்கியது.

நேரம் காலை ஏழரை. பாண் சுடும் தொழிற்சாலையில் இரவு முழுக்கத் தட்டுத் தூக்கிவிட்டு வந்திருந்தான். போன கிழமை பாண் ஓடிவரும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றபடியே கண்ணயர்ந்து, நாற்பது பாண் நிலத்தில் விழுந்தது. இன்னொரு தடவை நடந்தால் வேலை இல்லை என்று சுப்பர்வைசர் கடிதம் கொடுத்துவிட்டான்.

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் இருந்த அந்த வீட்டில் படுக்கையறை இரண்டு. ஒன்று மகள்மாருக்கு. மற்றதில் பகல் முழுக்க மனைவி கஜந்தினியின் தையல் மெஷின் ஓடும். சாறி பிளவுஸ் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் கட்டில் ஓரத்தில் இருந்துதான் கதைப்பார்கள். கீழே ஹோலில் படுத்தால், கேஸ் குழாய்க்குத் தெருவைத் தோண்டுகிறவர்கள் காதுக்குள் தோண்டுவார்கள். பின்பக்கத்துப் பொக்ஸ் ரூம் ஒன்றுதான் சத்தமில்லாத இடம். அதில் பைகள் படுத்திருந்தன.

பைகள் லண்டனின் இன்னொரு முனையில், ஹரோவில் இருக்கும் சுவர்ணாவுடையவை. கஜந்தினியின் பெரியம்மா மகள். பிள்ளைகளுக்கு அளவில்லாமல் போன உடுப்புகளையெல்லாம் பள்ளிக்கூட விடுமுறைக்கு விடுமுறை கட்டி அனுப்புவாள். சுவர்ணாவுக்கு இரண்டும் ஆண்பிள்ளைகள். குகதாசனுக்கு இரண்டும் பெண்கள். அதைப் பற்றி இதுவரை இரண்டு பக்கமும் யாரும் வாய் திறக்கவில்லை.

எறிந்துவிடுவோம் என்று இரண்டு வருசமாகக் கேட்டுப் பார்த்தான். அக்கா வந்து எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது என்பாள் கஜந்தினி. இந்த மாதம்தான் அதிசயமாக இறங்கி வந்தாள்.

"உங்கட கண்ணைப் பார்க்க எனக்கும் பாவமாத்தான் கிடக்கு. மாசம் முடியிறதுக்கிடையில அறையைக் காலி பண்ணுவம். வீட்டுக்கு முன்னுக்குப் பரப்பி வைச்சு விப்பம்."

கல்யாணமாகிப் பதினெட்டு வருசத்தில் குகதாசனுடைய கண்ணை அவள் பார்த்ததாகச் சொன்னது இதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை என்று நாள் வைத்தார்கள். ஆனால் சுவர்ணா தந்ததை விற்றுச் சாப்பிடுகிறார்கள் என்று சனம் கதைக்குமே. அதற்குக் குகதாசன்தான் வழி கண்டுபிடித்தான். விற்று வரும் காசு தான் படித்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்ட என்று போட்டால் ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். பழைய மாணவர் சங்கத்து வாட்ஸப்பில் இரண்டு வரி போட்டுவிட்டு வேலைக்குப் போனான்.

சங்கச் செயலாளர் கனகலிங்கம் அதை லண்டன் முழுக்க அனுப்பினார். வாங்க வரச் சொல்லி அல்ல, கொடுத்து உதவச் சொல்லி.

வியாழக்கிழமையே பைகள் வரத் தொடங்கின. டூட்டிங்கிலிருந்து ஒரு கார் நிறைய வந்தது. வந்தவர்கள் பையை இறக்கிவிட்டு, நல்ல காரியம் தம்பி என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமை படிக்கட்டில் ஒரு கால் வைக்கத்தான் இடம் இருந்தது. குளிக்கும் தொட்டிக்குள் திரைச்சீலைகள் கிடந்தன. குகதாசன் குசினிக் குழாயில் முகம் கழுவினான். சுவர்ணாவும் கேள்விப்பட்டுச் சந்தோசப்பட்டு இன்னும் ஆறு பையும், ஓடாத ஒரு உடற்பயிற்சிச் சைக்கிளும் அனுப்பினாள்.

சனிக்கிழமை காலை வேலையால் வந்தவன் நித்திரை கொள்ளாமலே மேசை போட்டான். சனம் வந்தது. பிளேன்ரீ குடித்தது, றோல்ஸ் சாப்பிட்டது. கனகலிங்கத்தோடு நின்று படம் எடுத்தது. இருபது பவுண், பத்துப் பவுண் என்று பிஸ்கட் டின்னுக்குள் போட்டது. துணியை ஒருவரும் தொடவில்லை. அடுத்தவர் உடுத்ததை உடுக்கும் நிலையில் தாங்கள் இல்லை என்பதை ஒவ்வொருவரும் மற்றவருக்குக் காட்ட வேண்டியிருந்தது.

ஒரு அம்மா மட்டும் ஒரு பட்டுச் சாறியைத் தூக்கிப் பார்த்தார். சுவர்ணா வீடு குடிபூர்ந்தபோது தானே பரிசாகக் கொடுத்த சாறி அது என்றும், மடிப்பே கலையவில்லை என்றும் சொல்லி, காசு கொடுக்காமலே மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவன் ஐம்பது பென்ஸுக்கு ஒரு பெல்ட் வாங்கினான். பத்து நிமிடத்தில் அளவில்லை என்று திருப்பிக் கொண்டுவந்தான்.

இரண்டு மணிக்கு மழை வந்தது. எல்லாவற்றையும் திரும்ப உள்ளே தூக்கினார்கள். நனைந்த பை காய்ந்த பையைவிட மூன்று மடங்கு பாரம்.

டின்னில் அறுநூற்று நாற்பது பவுண். றோல்ஸுக்கு எழுபது பவுண் செலவானதையாவது எடுக்கலாமா என்று குகதாசன் மெல்லக் கேட்டான்.

"தம்பி, இது பொதுக்காசு. ஒரு றோல்ஸுக்கும் இதில கை வைக்கேலாது," என்றார் கனகலிங்கம், கடைசி றோல்ஸை மென்றுகொண்டு. டின்னையும் கொண்டுபோய்விட்டார்.

விற்றது ஒன்றும் இல்லை. போனது ஒரு சாறி. வீட்டில் இப்போது எழுபத்திரண்டு பை. அதுவும் நனைந்தவை; நாளைக்கு மணக்கும்.

தரும உடுப்புக் கடைக்காரர் ஈரத் துணி எடுக்க மாட்டோம் என்றார்கள். கடைசியில் வான் ஓட்டும் பீற்றரைக் கூப்பிட்டான். பீற்றர் படிக்கட்டை ஏறிட்டுப் பார்த்துவிட்டு நூற்றைம்பது பவுண் என்றான்.

"நூறு தாறன்."

"ஈரத் துணி அண்ணை, கல்லுக் கட்டின மாதிரி. குப்பைக் கிடங்கிலயும் காசு கேப்பாங்கள். விருப்பமெண்டா நீங்களே தோளில கொண்டு போங்கோ."

குகதாசன் தன் தோளை நினைத்துப் பார்த்தான். நூற்றைம்பதைக் கொடுத்தான். இரண்டு இரவு ஓவர்டைம் வானில் ஏறிப் போனது.

ஆனால் பொக்ஸ் ரூம் காலி. மூன்று வருசத்துக்குப் பிறகு அதன் கம்பளத்தின் நிறம் தெரிந்தது. மற்ற நாளில் பகலில் மெஷினை விட்டு எழும்பாத கஜந்தினி ஞாயிற்றுக்கிழமை தானே முழங்காலில் நின்று தேய்த்தாள். யன்னலுக்குக் கறுப்புத் திரை தைத்துப் போட்டாள், வெளிச்சம் வந்தால் நித்திரை கெடும் என்று. கட்டில் வாங்கிப் போட்டாள். புது விரிப்பு. கதவுக்கு உள்பக்கம் ஒரு கொண்டியும் பூட்டுவித்தாள். இவ்வளவு அக்கறை உள்ளவளை இத்தனை வருசம் பிழையாக நினைத்துவிட்டோமே என்று குகதாசன் தன்னையே நொந்துகொண்டான்.

திங்கட்கிழமை காலை வேலையால் வந்து, காற்சட்டையைக் கழற்றிச் சாரத்தைக் கட்டிக்கொண்டு, கறுப்புத் திரையை இழுத்துவிட்டுப் படுத்தான். கஜந்தினி நூல் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். மெஷின் ஓடவில்லை. தெருவில் தோண்டுகிறவர்களும் வரவில்லை. உடம்பு கட்டிலுக்குள் இறங்கி இறங்கிப் போனது. பத்து வருசமாகச் சேர்ந்த நித்திரை முழுவதும் ஒன்றாக வந்து நெஞ்சில் ஏறி இருந்தது.

வாசல் மணி அடித்தது. விட்டுவிட்டான். திரும்ப அடித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய்க் கதவைத் திறந்தான்.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் பெரிய சூட்கேஸோடும் ஒரு தலையணையோடும் நின்றார். தன் பெயர் கனகாம்பிகை என்றும், முதியோர் இல்லமொன்றில் வேலை என்றும், அறை துப்புரவாக்கி முடிந்ததாகக் கஜந்தினி நேற்றுப் போன் பண்ணியதாகவும் சொன்னார். சூட்கேஸை உள்ளே இழுத்து வைத்தார். பிறகுதான் அவனுடைய சாரத்தையும் பாதி மூடிய கண்ணையும் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"தம்பி பகலிலயும் வீட்டிலயோ நிக்கிறனீர்? பகலில இந்த வீட்டில ஒரு சத்தமும் வராது எண்டு சொல்லித்தானே கஜந்தினி போன மாசமே அறைக்கு அட்வான்ஸ் வாங்கினவ. எனக்கு இரவு வேலை, பகலிலதான் நித்திரை."