ரேடியேட்டரில் விளைந்த உப்பு

கல்யாண மாப்பிள்ளையைப் போல அதிகாரம் இல்லாத ஜீவன் உலகத்தில் வேறு கிடையாது. ஊரே அவனைச் சுற்றி நிற்கும்; அவன் பேச்சை மட்டும் ஒருவரும் கேட்க மாட்டார்கள். இதை நான் கோபத்தில்தான் சொல்கிறேன். எழுபதுகளில் வந்த கோபம், இன்னும் ஆறவில்லை.

எங்களுக்கு மரக்காணத்தில் உப்பளம். பாண்டிச்சேரியைவிட்டுக் கிளம்பிய ஒரு பிரெஞ்சு அதிகாரியிடமிருந்து என் தாத்தா வாங்கிய கார் ஒன்று எங்கள் உப்புக் கிடங்கில் கிடந்தது. முதல் உலக யுத்தத்துக்கும் முந்தைய வண்டி. கூரை கிடையாது. மரச் சக்கரம், பித்தளை விளக்கு. முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால்தான் அதற்கு உயிர் வரும். உப்பு இரும்பைத் தின்னும் என்பது அளத்தில் வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும். அப்படியிருந்தும் காரைக் கொண்டுபோய் உப்பு மூட்டைகளுக்கு நடுவில் நிறுத்த எங்கள் குடும்பத்தால்தான் முடியும். போதாததற்குப் பின் சீட்டில் கிழிந்த சாக்குகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

நான் பாலிடெக்னிக் படித்தவன். (பாஸ் செய்தேனா என்பது இங்கே விஷயமில்லை.) அந்தச் சமயத்தில் ஆரோவில்லிலிருந்து மிஷேல் என்றொரு பிரெஞ்சுக்காரர் சைக்கிளில் உப்பளம் பார்க்க வந்தார். கிடங்குக்குள் எட்டிப் பார்த்தவர், காரைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

“இந்த மாதிரி வண்டி எங்க நாட்டுலயே இப்ப கெடைக்காது,” என்றார், தமக்குத் தெரிந்த தமிழில்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்றால் இருவரும் கிடங்கில்தான் கிடப்போம். துருவை மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்துச் சுரண்டினோம். இற்றுப்போன சக்கர ஆரக்கால்களை மாட்டுவண்டி செய்யும் ஆசாரியிடம் கொடுத்துப் புதிதாகப் போட்டோம். விளக்குகளுக்குப் புளி போட்டுத் தேய்த்தோம். ரேடியேட்டர் ஓட்டைகளைப் பற்றவைத்தோம். கடைசியில் ஒரு நாள் கைப்பிடியைச் சுற்றியபோது வண்டி இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. மிஷேல் அழுதார். நானும் அழுதேன், ஆனால் என்னுடையது புகையினால்.

அந்த நேரத்தில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண்ணின் அப்பாவுக்கு மரக்காணம் கடைத்தெருவில் அரிசி மண்டி. உப்பளத்துப் பையனுக்குப் பெண் கொடுப்பதில் அவருக்கு அரை மனசுதான். “மாப்ள அழைப்புக்குப் பாண்டியிலேந்து தெறந்த கார் ஒண்ணு நானே ஏற்பாடு பண்ணிடறேன். அவுங்களால எங்க முடியப் போவுது?” என்று யாரிடமோ சொல்லியிருக்கிறார். அது என் காதுக்கு வந்துவிட்டது. வாடகைக் காரெல்லாம் வேண்டாம், என் சொந்தக் காரிலேயே வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அந்த மனிதர் வாசலில் அந்தக் காரில் போய் இறங்க வேண்டும். வேறு எந்த ஆசையும் எனக்கு இல்லை. (கல்யாணம்கூட இரண்டாம் பட்சம்தான். இதை என் மனைவியிடம் சொல்லிவிடாதீர்கள்.)

முதல் அநியாயம், என்னை ஓட்ட விடவில்லை. என் தாய்மாமா கோதண்டம் குறுக்கே நின்றார்.

“மாப்ளயே ஸ்டியரிங் புடிச்சா டாக்சி டிரைவர்னு நெனச்சுக்குவாங்க. நீ பின்னாடி குந்து. தொரை ஓட்டட்டும்.”

மிஷேல் பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக ஏறி உட்கார்ந்தார். அவரைப் பார்க்க வந்த கூட்டம்தான் அதிகம்.

இரண்டாவது, தண்ணீர். எங்கள் பக்கத்தில் கிணற்று நீர் உப்புக் கரிக்கும். நல்ல தண்ணீர் தூரத்திலிருந்து மாட்டுவண்டியில் வர வேண்டும். அதில் ஒரு பீப்பாயை ரேடியேட்டருக்கென்று தனியாக எடுத்து வைத்து, அதை ஊர்வலத்தோடு கொண்டுவரும் பொறுப்பை மாமாவிடம் கொடுத்திருந்தேன்.

பிள்ளையார் கோயிலில் மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து வண்டி கிளம்பியது. ஆனால் நாயனக்காரர் முக்குக்கு முக்கு நின்று வாசித்தார். கார் அவர் பின்னால் ஊர்ந்தது.

“வேகமா போகணும். சூடாகுது,” என்றார் மிஷேல்.

“ரேசுக்கா போறோம் தொரை? மொள்ள போங்க,” என்றார் மாமா.

அளங்களை ஒட்டிய சாலைக்கு வந்ததும் ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி பீறிட்டது. நான் மாலையும் கழுத்துமாக இறங்கப் போனேன். மாமா என் தோளைப் பிடித்து அமுக்கினார்.

“மால போட்டு ஏறின மாப்ள நடுவழியில கால கீழ வெக்கக் கூடாது. குந்துடா.”

“எஞ்சின் வேலை எனக்குத்தான் மாமா தெரியும்.”

“தண்ணி ஊத்தறதுக்குப் படிப்பு எதுக்கு?”

அவர் குடத்தோடு போவதும் வருவதும், நிழலுக்காக என் தலைக்கு மேல் யாரோ பிடித்திருந்த குடையின் விளிம்புக்குக் கீழே தெரிந்தது. வண்டி கொதிக்கும், நிற்கும், மாமா ஊற்றுவார், கிளம்பும், மறுபடியும் கொதிக்கும். “நல்ல தண்ணிதானே மாமா?” என்று தவில் சத்தத்துக்கு மேல் கத்தினேன். “எல்லாம் நல்லதுதான், சிரிச்ச மொகமா இரு,” என்று பதில் வந்தது.

கடைத்தெருவில், பெண் வீட்டுக்குச் சற்று முன்னால், எஞ்சின் ஒரு தடவை உறுமிவிட்டு அடங்கிப்போனது. கைப்பிடியை எத்தனை தடவை சுற்றியும் அசையவில்லை. நான் இறங்கவும் கூடாது. என்ன செய்தார்கள் தெரியுமா? பெண் வீட்டார் வந்து தள்ளினார்கள். முன்வரிசையில், மேல்துண்டை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு, மூச்சு வாங்கத் தள்ளியவர் என் மாமனார். யார் முன்னால் தலை நிமிர்ந்து இறங்க வேண்டும் என்று பிடிவாதமாக இந்தக் காரில் ஏறினேனோ, அவரே தள்ள, நான் மேலே பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் காரின் முகத்தையே பார்த்தார்கள். ரேடியேட்டர் மூடியைச் சுற்றியும் பற்றவைத்த இடங்களிலும் வெள்ளை வெளேரென்று ஏதோ படிந்து கீழே வழிந்திருந்தது. மிஷேல் இறங்கி வந்து அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

“உப்பு,” என்றார். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

நான் மாமாவைப் பார்த்தேன்.

“பீப்பா தண்ணிய சமையலுக்கு அனுப்பிட்டேன்பா. மனுசனுக்கே குடிக்கத் தண்ணி இல்ல, காருக்குப் போயி நல்ல தண்ணியா? ரோட்டோரம் பாத்தியில நெறைய கெடந்துது, மொண்டு ஊத்தனேன்.”

பாத்தியில் கிடந்தது தண்ணீர் அல்ல. நாலு நாள் வெயில் பட்டால் உப்பாக உறையக் காத்திருந்த சாறு. பிறந்ததிலிருந்து அளத்தில் நிற்கும் மனிதர் அதைக் காய்ச்சினால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டாமா? நான் கேட்க வாயைத் திறந்தேன். “சிரிச்ச மொகம்,” என்று ஞாபகப்படுத்தினார்.

மாமனார் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு காரைச் சுற்றி வந்தார்.

“சீர் வரிசையில உப்பு வெப்பாங்கன்னு தெரியும்,” என்றார். “வழியில வரும்போதே வெளைய வெச்சுக் கொண்டாருவாங்கன்னு எனக்குத் தெரியாம போச்சு.”

அவர் சிரித்தார். தெரு முழுக்கச் சிரித்தது. அரை மனசாக இருந்த மனிதர் அன்றைக்குத்தான் முழு மனசுக்கு வந்தார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் ஆறுதல் ஒன்றும் இல்லை. மிஷேல் எஞ்சினைப் பிரித்துப் பார்த்து, உள்ளே முழுக்க உப்பு உறைந்து இறுகிவிட்டது என்று கையை விரித்தார். கார் பழைய கிடங்குக்கே திரும்பியது. கோதண்டம் மாமா கடைசிவரை, “பாண்டி கார் வெச்சிருந்தா இந்த வம்பு உண்டா?” என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்யாணமான புதிதில் மாமனார் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார். ரசத்தில் உப்பு துளிகூட இல்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன். என் மனைவி சரோஜா அதுவரை எனக்கு எதிரில் நின்று பேசியதே இல்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்:

“கொஞ்சம் இருங்க. கெடங்குக்குப் போயி வண்டிய ரெண்டு சுத்து சுத்திட்டு வந்துடறேன்.”

பக்கத்து இலையில் மாமனாருக்குப் புரையேறியது. அன்றைக்குப் பிடித்தது, இப்போது பேத்திகள்வரை அதையேதான் சொல்கிறார்கள். சொந்தமாக உப்பளம் வைத்திருக்கிறேன். ஆனால் என் வீட்டில் உட்கார்ந்து, உப்பு கொஞ்சம் போடு என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை. ரசம் எப்படி இருந்தாலும் குடித்துவிட்டு எழுந்து கை கழுவுகிறேன்.