சோலார் செல்லுக்கு வைத்த பொட்டு

விஞ்ஞானம் படித்தவனுக்கு மூடநம்பிக்கை கிடையாது. வேலை ஒப்பந்தம் முடியப்போகும் மாதத்தில் மட்டும் லேசாக எட்டிப் பார்க்கும்.

அப்போது நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரத்தில், ரப்பர் மாதிரி இழுபடும் சோலார் செல் செய்கிற ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டு வெயிலில் நடந்தால் போன் சார்ஜ் ஆகும் என்று உலகத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தோம். (உலகம் கேட்கவில்லை.) என் வேலை, அந்த செல்லை இழுத்து இழுத்து விட்டு எப்போது விரிசல் விடுகிறது என்று பார்ப்பது. இதற்கா டாக்டர் பட்டம் என்று மதுரையிலிருந்து அப்பா போனில் விசாரிப்பார்.

அதே நகரத்தின் எல்லர்ஸ்லி பகுதியில் ஒரு நிறுவனம் எங்கள் ஆய்வுக்குப் பணம் போட யோசித்தது. அவர்கள் முன்னால் செல் தாங்கினால் வேலை நீளும், வேலை நீண்டால் விசா நீளும். குடும்பமே அந்த ரப்பர் துண்டின் மேல்தான் குடியிருந்தது.

அவர்களுக்குக் காட்ட வேண்டிய நாளன்று காலை, மவுண்ட் ரோஸ்கில் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் செல்லைச் சாமி படத்தின் முன் வைத்தேன். வண்டியோ மிஷினோ, புதிதாக எது வந்தாலும் பொட்டு வைக்காமல் எங்களுக்கு ஓடாது. ஆனால் சந்தனத்தின் ஈரம் செல்லைக் கெடுத்துவிடும். (பார்த்தீர்களா, படித்தவன்!) ஆகவே குளியலறைக் கண்ணாடியில் மனைவி ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டை உரித்து, செல்லின் நட்டநடுவில் அழுத்தி ஒட்டினேன்.

என் மனைவி யாழ்ப்பாணத்துக்காரி. “ஓரத்தில ஒட்டுங்கோவன்” என்றாள்.

“ஓரத்துல வச்சா சாமிக்கு எப்படித் தெரியும்?” என்றேன்.

எல்லர்ஸ்லியில் விளக்கின் கீழே செல்லை வைத்து ஒரு குட்டி விசிறியை இணைத்தேன். ஜோராகச் சுற்றியது. அங்கிருந்த அதிகாரி அம்மையார், நடுவில் இருக்கும் சிவப்பு வட்டம் என்னவென்று கேட்டார். அளவுக்குறி என்று கூசாமல் சொன்னேன். இழுத்துப் பார்க்கலாமா என்றார். தாராளமாக என்றேன்.

ரப்பர் நீண்டது. பொட்டு நீளவில்லை. பஸ்ஸில் ஒருவர் மட்டும் நகராமல் நின்றால் நெரிசலெல்லாம் அவரைச் சுற்றியே நடக்குமே, அதுபோல இழுவை முழுவதும் பொட்டின் விளிம்பில் போய் விழுந்தது. உள்ளே இருந்த மெல்லிய படலம் பொட்டைச் சுற்றி வட்டமாக வெடித்தது. கம்பாஸ் வைத்தும் நான் அப்படி ஒரு வட்டம் போட்டதில்லை. விசிறி நின்றுவிட்டது.

கூட வந்திருந்த என் மேலாளர் பொட்டை நகத்தால் உரித்து விரல்நுனியில் வைத்துப் பார்த்தார். இது எங்கிருந்து வந்தது என்று கேட்டார். என் மனைவியுடையது என்றேன்.

திரும்பும் வழியில் காரை ஓரமாக நிறுத்தி அழுதேன். உண்மையாகவே பயமாக இருந்தது. வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் மனைவி டீயை நீட்டினாள்.

“இப்ப சாமிக்கு வடிவாத் தெரிஞ்சிருக்கும்” என்றாள்.

ஒப்பந்தம் நீளவில்லை. விசா தீர்வதற்குள், வீட்டுக் கூரைகளில் சோலார் பலகை மாட்டும் கம்பெனியில் வேலை கிடைத்தது. கெட்டிக் கண்ணாடி. எவரும் இழுத்துப் பார்ப்பதில்லை.

இன்றும் வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் மனைவி முதலில் பொட்டு அட்டையை எடுத்து ஒளித்துவிடுகிறாள். போன மாதம் மகளுக்கு லேப்டாப் வாங்கினோம். பெட்டியைப் பிரித்தவள், நான் கிட்டே போனதும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“டோன்ட் பிளெஸ் இட், அப்பா.”