ஒரு பென்சில், ஒரு பெட்டி ஐஸ், ஒரு மாப்பிள்ளை

ஒரு பொருளைச் செய்தவனுக்கு அதைப் பற்றி நம்மைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்திருக்கும். இந்தச் சாதாரண உண்மை சிலருக்குப் பிறவியிலேயே தெரியும். எனக்கு அது புரிவதற்கு ஒரு கணினி எரிய வேண்டியிருந்தது. எரிந்ததுகூடப் பரவாயில்லை. அக்காவுக்குப் பேசிவந்த மாப்பிள்ளையின் தாய்க்கு முன்னால் எரிந்தது.

சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். கண்டிப் பாதை திறந்து, அதுவரை காணாத சாமான்களெல்லாம் யாழ்ப்பாணத்துக்கு லொறி லொறியாக வந்து இறங்கின. அப்படி வந்த ஒரு பாவித்த கணினி எப்படியோ எங்கள் ஊரான கரம்பொனில் எங்கள் வீட்டு மேசைமேல் ஏறிவிட்டது. நான் பட்டணத்தில் கணினி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஊரில் எனக்குக் 'கொம்பியூட்டர் பெடியன்' என்று பெயர். (அதைப் போடவும் நிற்பாட்டவும் தெரிந்தால் போதும், அந்தப் பட்டம் கிடைத்த காலம் அது.)

அக்காவின் பெயர் ரெஜினா. பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். கனடாவில் இருந்த அன்ரனுக்கு அவளைக் கேட்டு வந்தவர், அன்ரனின் தாய், பக்கத்து ஊர் நாரந்தனையிலிருந்த பிலோமினா மாமி. மாப்பிள்ளையின் போட்டோவும் வந்தது. யாருடையதோ காரில் சாய்ந்தபடி, கறுப்புக் கண்ணாடியோடு நின்றார். அக்கா போட்டோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"போட்டோவில நிக்கிற ஆளைக் கட்ட ஏலாது. கதைக்கிற ஆளைக் காட்டுங்கோ. பிறகு சொல்லுறன்."

அன்ரன் கோபிக்கவில்லை. தன்னைத்தானே வீடியோ எடுத்து, ஒரு சீடியில் பதிந்து அனுப்பிவைத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாமி எங்கள் வீட்டுக்கு வருவது, எல்லாருமாக இருந்து பார்ப்பது, அக்கா அந்த இடத்திலேயே முடிவு சொல்வது என்று ஏற்பாடு. அக்கா தயங்கினால் மாமி வேறு இடம் பார்ப்பார் என்று தரகர் நாசூக்காகச் சொல்லிவைத்திருந்தார். அம்மா அன்றிலிருந்து செபமாலையைக் கையை விட்டு இறக்கவில்லை.

சீடியைப் பரீட்சித்துப் பார்க்கும் பொறுப்பு எனக்கு. டிவியோடு இருந்த டெக்கில் போட்டால் டெக் அதை ஏற்கவே இல்லை. கணினியில் போட்டேன், ஓடியது. ஆனால் மாப்பிள்ளையின் குரல் முன்னே போக, வாய் பின்னாலே வந்தது. கையைத் தூக்கினால் கை பாதி வழியில் நின்று யோசித்துவிட்டு மேலே போனது. மிச்சத்தையும் பார்க்கலாமென்றால் அம்மா தலையில் குட்டினார்.

"பொம்பிளை பாக்க முதல் நீ ஏனடா பாக்கிறாய்? நிப்பாட்டு!"

"பட்டணத்தில கடையில கொண்டுபோய்ப் போட்டா வடிவா ஓடும் அம்மா."

"கடையில, கண்ட சனத்துக்கு நடுவில வைச்சு மாப்பிள்ளை பாக்கவோ? விசர்க்கதை கதையாத."

ஆகவே கணினியைத்தான் கெதியாக்கி வேகமாக ஓடவைக்க வேண்டும். அதற்கு என்னிடம் ஒரு வித்தை இருந்தது. சும்மா இருந்திருக்கலாம். அந்த வயதில் யார் சும்மா இருந்தார்கள்?

கணினியின் மூளையான புரொசெசர் இன்ன வேகத்தில்தான் ஓட வேண்டும் என்று செய்கிற கொம்பனிக்காரர் அதற்குப் பூட்டுப் போட்டு அனுப்புவார்கள். மலிவான புரொசெசர் சில்லை வாங்கி வேகத்தைக் கூட்டி விலையுயர்ந்தது என்று விற்கிற கள்ள வியாபாரிகளைத் தடுக்கத்தான் பூட்டு என்பது அவர்களின் நியாயம். அதே சில்லை இரண்டு விலைக்கு விற்கத்தான் பூட்டு என்பது எங்கள் நியாயம். (எங்கள் என்றால், உலகம் முழுக்கப் பரந்திருந்த கணினிப் பைத்தியங்களும் கரம்பொனில் நானும்.) பட்டணத்து இன்டர்நெட் கடையில் இருந்து அவர்கள் எழுதுவதையெல்லாம் வாசிப்பேன். கொம்பனி ஒரு பூட்டுப் போட்டால் இவர்கள் அதைத் திறக்க ஒரு வழி கண்டுபிடிப்பார்கள். என்னிடமிருந்த வகைச் சில்லின் முதுகில் மயிரளவு கோடுகள் சில வெட்டப்பட்டிருந்தன. அந்த வெட்டுகளைப் பென்சிலால் கோடு கீறி இணைத்துவிட்டால் பூட்டு திறந்துவிடும். பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும், அவ்வளவுதான் விஷயம்.

சனிக்கிழமை கணினியைப் பிரித்துப் பரப்பிவைத்துப் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தபோது அப்பா பிடித்துவிட்டார். அப்பா கடற்தொழிலாளி. கோபக்காரர். விளக்கம் சொன்னேன்.

"நாங்கள் காசு குடுத்து வாங்கின சாமான். இவ்வளவு கெதியிலதான் ஓடலாமெண்டு சொல்ல அவை ஆரப்பா?"

அப்பாவின் முகம் மாறியது. கடலில் பெரிய எஞ்சின் பூட்டக் கூடாது, சின்ன எஞ்சினோடு இன்ன தூரத்துக்குள்தான் தொழில் செய்ய வேண்டும் என்ற கடற்படைக் கட்டளைக்குள் பல வருடங்கள் கிடந்த மனிதர். அவருடைய வள்ளத்தைக் காற்றுக்கூட முந்திக்கொண்டு போகும். இதுவும் அதே கதைதான் என்று முடிவு கட்டிவிட்டார்.

"இதுக்கும் அவங்கள் பூட்டுப் போட்டிட்டாங்களோ? திற. வடிவாத் திற. நான் வெளிச்சம் பிடிக்கிறன்."

என் வாழ்க்கையில் அப்பா எனக்கு வெளிச்சம் பிடித்தது அன்று ஒருநாள்தான். இரண்டு பேருமாகப் பூட்டைத் திறந்தோம். உலகத்துக் கொம்பனிகளையெல்லாம் வென்றுவிட்ட மாதிரி அப்பா என் முதுகில் தட்டினார். கணினி பறந்தது. கூடவே காய்ந்தது. புரொசெசர் சூட்டில் முட்டை பொரிக்கலாம் போல இருந்தது.

"சூடாகுதப்பா. குளிராக்க வேணும்."

"இதுவும் ஒரு பிரச்சினையே? எங்கட வீட்டில ஐஸுக்கோ பஞ்சம்?"

ஐஸ் உருகாமல் மீன் அடுக்குகிற ரெஜிபோம் பெட்டியைக் கழுவி, அதற்குள் கணினியின் உடம்பை இறக்கினோம். பொலித்தீன் பைகளில் ஐஸை நிரப்பிச் சுற்றிவர அடுக்கினார் அப்பா. விளைமீன் அடுக்குகிற அதே ஒழுங்கு. பெட்டி எவ்வளவு கழுவியும் மணம் போகவில்லை. அம்மா அதன்மேல் பூப்போட்ட மேசைவிரிப்பைப் போட்டு மூடினார்.

ஞாயிறு மாமி வந்தார். பட்டுச் சேலை, கையில் பலகாரம். கதிரையில் இருந்ததும் மூக்கைச் சுருக்கினார்.

"மத்தியானத்துக்கு மீனோ?"

"ஓம் ஓம்" என்றார் அம்மா. (அன்று இறைச்சி.)

கரண்ட் இன்னும் வராத ஊர் என்பதால், அப்பா கடற்கரை மீன்வாடிக் கொட்டிலுக்கு வைத்திருந்த சின்ன ஜெனரேற்றரை இழுத்து ஸ்ராட் பண்ணினார். அன்ரன் திரையில் வந்தார். என்ன ஒழுங்கு! குரலும் வாயும் ஒன்றாகப் போயின. தான் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்வதாகவும், சமைக்கத் தெரியும், ஆனால் சோறு குழைந்துவிடுகிறது என்றும் சொன்னார். அக்கா கொஞ்சம் முன்னால் சரிந்து இருந்தாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"கடைசியா உம்மட்ட ஒண்டு கேக்க வேணும்" என்றார் அன்ரன். "அதுக்கு ஓம் எண்டாத்தான்..."

அதோடு நின்றார். ஒரு கண் மூடி, மறு கண் பாதி திறந்து, வாய் ஒரு பக்கம் கோணி, தும்மலுக்குத் தயாராகிற ஆள்போல அசையாமல் நின்றார். பெட்டிக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். மேசைவிரிப்பின் பூக்களுக்கிடையில் புகை வந்தது. ஐஸ்பை ஒன்று கசிந்திருக்கிறது.

"என்ர பிள்ளைக்கு என்ன நடந்தது?" என்று மாமி எழும்பிவிட்டார்.

திரையும் இருண்டது. சீடியையாவது காப்பாற்றுவோம் என்று அப்பா மீன் வெட்டுகிற கத்தியால் கணினியின் சீடி வாசலை நெம்பினார். சீடி இரண்டு துண்டாக வந்தது. கருகின மணமும் மீன் மணமும் வீடு முழுக்க. அந்த நேரம் பார்த்து அக்கா சிரிக்கத் தொடங்கினாள். வாயைப் பொத்தினாள், முடியவில்லை. கண்ணால் தண்ணீர் ஓடச் சிரித்தாள்.

"என்ர பிள்ளையைப் பாத்தோ சிரிக்கிறீர்?" மாமி பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் அங்கேயே எரிந்து இரண்டாவது புகையாகியிருக்க வேண்டும். அக்காவின் வாழ்க்கையை நான்தான் கெடுத்துவிட்டேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசல் படலைவரை ஓடினாள்.

"மாமி, எனக்கு ஓம்."

"நீர் முழுசாக் கேக்கேல்லையே பிள்ளை."

"போட்டோவுக்கு எல்லாரும் வடிவாத்தான் நிப்பினம் மாமி. இந்த மூஞ்சியைப் பாத்தும் எனக்குப் பிடிச்சிருக்கு. வேற என்ன வேணும்?"

மாமி அவளை அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அன்ரன் அத்தான் கடைசியாகக் கேட்டது என்னவென்று கலியாணம் முடிந்து கனடாவில் போய் இறங்கிய பிறகுதான் அக்காவுக்குத் தெரிந்தது. "அம்மாவை இஞ்ச கூப்பிட்டு எங்களோடதான் வைச்சிருப்பன், சம்மதமோ?" என்பதுதான் கேள்வி.

மாமியும் கனடா போய் அவர்களோடு இருக்கத் தொடங்கி வருடங்களாகின்றன. கேட்காமலே ஓம் சொன்ன மருமகள் என்று போகிற வீடெல்லாம் பெருமையடிப்பார். குசினியில் சமையலில் இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டால் அக்கா உடனே எனக்குத்தான் போன் எடுப்பாள். "எல்லாம் உன்னாலதான்ரா" என்று திட்டி முடிந்ததும் போனை மாமி வாங்குவார். ஒவ்வொரு முறையும் கேட்பது ஒன்றுதான்.

"தம்பி, அந்தச் சீடியை ஒட்டேலாதோ? அவன் என்னைப் பற்றிச் சொன்னதை நான் இன்னும் கேக்கேல்லை."