கோப்பைக்குள் கட்டிய மலை

வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் மலை ஏறுவதில்லை. முடிவெடுத்துவிட்டேன். என் முடிவை இந்த உலகத்தில் யாராலும் மாற்ற முடியாது, என் மனைவி எமிலியானாவைத் தவிர. ஆகவே அவளிடம் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். கார் ஓட்டும் பரீட்சையில், இத்தாலியன் கேள்விகளுக்கு முன்னால் நான் திரும்பத் திரும்பக் குப்புற விழுந்துகொண்டிருந்த காலத்தில், எமிலியானா எங்கள் பலெர்மோ நகரத்தைக் காக்கும் புனிதை சாந்தா ரொசாலியாவுக்கு ஒரு நேர்த்தி வைத்தாள். "இந்த மனுசன் பாஸ் பண்ணினால், நாங்கள் ரெண்டுபேரும் செருப்பில்லாமல் உம்முடைய மலைக்கு நடந்து வருவம்." அடுத்த முறையே பாஸ். பலெர்மோத் தமிழர் வேதக்காரர், சைவக்காரர் என்றில்லாமல் எல்லோரும் அந்த மலைக்குப் போகிறார்கள். எனக்கும் பக்தி உண்டு. ஆனால் நீங்களே சொல்லுங்கள், கார் ஓட்ட அனுமதி கிடைத்ததற்கு நன்றியாக வெறுங்காலோடு நடப்பதா? ஒழுங்கை முனையில் நான் வாங்கிவிட்ட பழைய பண்டா கார் புது மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது. மலையோ செங்குத்து. என் வயிறோ எனக்கு முன்னால் போகிறது.

வழி தானாகக் கிடைத்தது. நாங்கள் இருக்கும் அல்பெர்கேரியாப் பகுதியில் ஞாயிறு காலையில் பழைய சாமான் பரப்பி விற்பார்கள். கையில்லாத பொம்மை, ஒற்றைச் சப்பாத்து, யாரோ செத்துப்போனவரின் மூக்குக் கண்ணாடி. அதற்குள் ஒரு கட்டு ஆங்கிலத் தபாலட்டை, நூறு வயதிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கோப்பை. கோப்பைக்குள் தேயிலை ஒட்டிக்கிடக்கும் வடிவம். நங்கூரம், பாம்பு, பறவை, மலை. எது விழுந்தால் என்ன பலன் என்று கீழே ஒரு வரி. அந்தக் காலத்து வெள்ளைக்காரர் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மண்டியில் சாத்திரம் பார்த்திருக்கிறார்கள். எமிலியானாவுக்கு ஆங்கிலம் வராது. எனக்கு வரும். சாந்தாவே என் பக்கம்தான் என்று நினைத்தேன்.

கட்டை வாங்கிவந்து, அன்று பின்னேரம் நானே தேத்தண்ணி போட்டேன். வடிக்கவில்லை.

"என்னப்பா, வடி உடைஞ்சு போச்சோ?" என்று கேட்டுக்கொண்டே குடித்தாள்.

கோப்பையை அடுப்படிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். தபாலட்டைக்காரர் குடித்தது இலைத் தேயிலை. நாங்கள் குடிப்பது ஊரிலிருந்து வரும் தூள். அடியில் வடிவமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. வெறும் சேறு. பல்லுக் குத்தும் குச்சியை எடுத்து, வியர்க்க வியர்க்க ஒரு மலை கட்டிவிட்டு, குச்சியை அங்கேயே போட்டேன்.

"எமிலி, ஓடிவாரும்! உம்மட கோப்பையைப் பாரும்!"

"ஏன், கரப்பானோ?"

"இல்லை. ஒரு வடிவம் விழுந்திருக்கு."

"ஒட்டகம் மாதிரிக் கிடக்கு."

"மலை!"

"ரெண்டு முதுகு தெரியுதே."

"மலைக்கு ரெண்டு முகடு இருக்கும். இந்தத் தபாலட்டையைப் பாரும், அச்சொட்டா அதே மலை."

"குறி பாக்கிறது பாவமெண்டு பாதர் சொன்னவரெல்லே?"

"இது குறியில்லை. தபால்."

"சரி, என்ன எழுதிக்கிடக்கு?"

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "மலை விழுந்த ஆளுக்கு மலையில கண்டம். இந்த வருசம் முழுக்க ஏறக்கூடாது."

"இந்தச் சின்ன வரியில இவ்வளவும் கிடக்கோ?"

"இங்கிலிஸ் சுருக்கமான பாஷை."

அவள் தபாலட்டையைப் பார்த்தாள். கோப்பையைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். பிறகு மெல்லச் சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் சீனவெடி வெடித்தது.

"அப்ப நான் நடக்கேல்லை."

"அதுதான் புத்தி."

"நீங்கள் நடவுங்கோ."

"நானோ? கண்டமெல்லே?"

"என்ர கோப்பையிலதானே விழுந்தது? கண்டம் எனக்கு. உங்கட கோப்பை எங்கை?"

என் கோப்பையை நான் முதலே கழுவிக் கவிழ்த்துவிட்டேன். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து நான் கழுவிய முதல் கோப்பை அது.

"உங்களுக்கு ஒண்டும் விழேல்லை. அப்ப பயமில்லை. ஆனா நேர்த்தியைக் குறைக்கேலாது, சாந்தா கோவிப்பா. என்ர பங்கையும் நீங்களே நடவுங்கோ. ஒருக்கா ஏறி இறங்கிப்போட்டு, இன்னொருக்கா ஏறுங்கோ."

நான் சொன்னது பொய் என்று ஒத்துக்கொண்டால் ஒரு தரம் நடந்தால் போதும். ஆனால் அதன் பிறகு ஆயுள் முழுக்க அந்தப் பொய்யோடு இந்த வீட்டில் இருக்கவேண்டும். மலையே மேல் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிறு வந்தது. முதல் ஏற்றத்தில் பாதம் கொப்பளித்தது. இரண்டாம் ஏற்றத்தில் கொப்பளம் கொப்பளித்தது. கல்லுப் பாதை கார் றோட்டைக் குறுக்கே வெட்டும் இடத்தில் மூச்சு வாங்க நின்றேன். பின்னால் ஹோர்ன் சத்தம். திரும்பினேன். என்னுடைய பண்டா! ஓட்டியது பக்கத்து வீட்டு மிஷ்லின், மொரிஷியஸ்காரி. அருகில் எமிலியானா, மடியில் பிளாஸ்க்.

"ஏறக்கூடாதெண்டெல்லே கிடக்கு!" என்று கத்தினேன்.

"நான் எங்கை ஏறுறன்? கார்தானே ஏறுது!"

போய்விட்டார்கள். மொரிஷியஸில் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிப்பார்கள் என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அதற்கு மேல் ஏறிய ஒவ்வொரு அடிக்கும் சாந்தாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

உச்சியில், குகைக் கோயில் படிக்கட்டில், இருவரும் காற்று வாங்கிக்கொண்டு இருந்தார்கள். மிஷ்லின் கையில் அந்தத் தபாலட்டை.

"அண்டைக்கே மிஷ்லினிட்டைக் குடுத்து வாசிப்பிச்சனான்," என்றாள் எமிலியானா. "மலை விழுந்தால் உயரமான இடத்தில சிநேகிதர் இருப்பினமெண்டுதானாம் கிடக்கு. அதுதான் ரெண்டுபேரும் உங்களுக்கு முதலே மேல வந்து நிக்கிறம்."

நான் படியில் சரிந்தேன். அவள் பிளாஸ்க்கைத் திறந்து ஒரு கோப்பையில் ஊற்றி நீட்டினாள். வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குச்சி தேவைப்படாதப்பா," என்றாள். "வடிச்சுத்தான் கொண்டுவந்தனான்."