கண்காணிப்பாளர் திருடுபோகாத கதை

உலகத்துத் திருடர்கள் அனைவரும் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்தச் செவ்வாய்க்கிழமை மாலையிலிருந்து கண்காணிப்பாளரை எவராலும் திருட முடியாது. அவருடைய பொருளைச் சொல்லவில்லை. அதற்கு எந்தத் திருடனும் இதுவரை மெனக்கெட்டதில்லை. அவரையே.

இந்த மாபெரும் பாதுகாப்பு அமலுக்கு வந்த வேளையில் அவருடைய மனைவி குப்பைக்கூடையைக் கவிழ்த்துப் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, கண் டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டு எங்க?"

"அழிச்சாச்சு."

"அது என் கண்ணுக்கு எழுதினதுங்க."

"அதுல என் பேர் இருந்துச்சு. இன்னாரோட மனைவின்னு. அது ஒண்ணு போதும் அவனுக்கு."

"எவனுக்கு?"

கண்காணிப்பாளர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். மனைவி கைப்பிடி அளவு காகிதத் துணுக்குகளை அள்ளிப் பார்த்தாள். மாவு சலித்த மாதிரி இருந்தது. கத்தரிக்கோல் பிடித்த விரலில் அவருக்குக் கொப்புளமே வந்திருந்தது.

நடந்தது இதுதான். கண்காணிப்பாளர் ஒரு மேஜை நாற்காலித் தொழிற்சாலையின் கிடங்குக்குப் பொறுப்பு. நானூறு நாற்காலிகளும் இரண்டு ஆட்களும் அவர் அதிகாரத்துக்குள் இருந்தார்கள். நாற்காலிகள் சொன்ன பேச்சைக் கேட்டன. அன்று மத்தியானம் கழுத்தில் டை கட்டிய ஒருவர் தொழிற்சாலைக்கு வந்து, திரையில் படம் காட்டி, அடையாளத் திருட்டு பற்றி வகுப்பெடுத்தார். உங்கள் பெயர், பிறந்த தேதி, படித்த பள்ளிக்கூடம் கிடைத்தால் போதும், திருடன் நீங்களாகவே மாறிவிடுவான் என்றார். மற்றவர்கள் சாப்பாட்டு மயக்கத்தில் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். கண்காணிப்பாளர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவர் பிறந்ததிலிருந்து அவரைப் போல ஆக வேண்டும் என்று யாரும் ஆசைப்பட்டதில்லை. இப்போது எங்கோ ஒருவன் அதற்காகத் தூக்கம் கெட்டுத் திரிகிறான் என்று தெரிந்ததும் அவருக்குப் பகீரென்றது. அந்தப் பயத்துக்குப் பின்னாலேயே, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சின்னதாக ஒரு பெருமையும் உள்ளே வந்தது.

பெருமை வந்தால் சும்மா இருக்குமா? வாசலில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றினார். மறுநாள், பேரக்குழந்தைக்கு மனைவி வரவழைத்திருந்த குட்டிச் சட்டைகளைக் கொண்டுவந்த ஆள், தெருவை மேலும் கீழும் நடந்து பார்த்துவிட்டு, அப்படி ஒருவர் இங்கே இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டான். அடையாள அட்டையை வீட்டிலேயே மிகப் பத்திரமான இடத்தில் ஒளித்தார். இடம் அவ்வளவு பத்திரம், மதியத்துக்குள் அவருக்கே தெரியாமல் போய்விட்டது.

பேரக்குழந்தை என்றோம் அல்லவா. தொலைவில் இருந்த மகளுக்குப் பத்து நாளுக்கு முன்னால்தான் பிறந்திருந்தது. மூக்கு தாத்தா மூக்கு என்று மகள் சொல்லியிருந்தாள். சனிக்கிழமை காலை ரயில். பெட்டி கட்டியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை மாலைக்குள் டிக்கெட்டுக்கு வங்கியிலிருந்து பணம் போக வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

"அந்த வங்கியையும் ஒரு வார்த்தை எச்சரிச்சு வெச்சிடறேன்," என்றார் கண்காணிப்பாளர்.

மனைவி மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே வைத்தாள். "வேண்டாங்க. ஏதாவது சொல்லணும்னா நான் பேசிக்கிறேன்."

"ஒருத்தர் பேர்ல இன்னொருத்தர் பேசறதுக்குப் பேர்தான் அடையாளத் திருட்டு. பொண்டாட்டியா இருந்தாலும் கூடாதுன்னு வகுப்புலயே சொன்னாங்க."

"அப்படியா சொன்னாங்க?" என்று கேட்டுவிட்டு அவள் மறுபடி துணியை மடிக்க ஆரம்பித்தாள்.

கண்காணிப்பாளர் ஆள் வாட்டசாட்டம். குரல் மட்டும் ஊசி. தொலைபேசியில் அவர் ஹலோ என்றால், வீட்டில் பெரியவங்க இருந்தா குடு பாப்பா என்று பதில் வரும். ஆகவே அதிகாரத்தில் இருப்பவர்கள் தொலைபேசியைத் தொடுவது அழகல்ல என்று கல்யாணமான புதிதிலேயே ஒரு கொள்கை வகுத்துக்கொண்டார். மனைவிக்கோ கட்டைக்குரல். அவள் ஒரு அதட்டுப் போட்டால் குழாய் ரிப்பேர்காரர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து நிற்பார். அதன்பின் அந்த வீட்டில் காரியங்கள் எல்லாம் தாமாகவே நடந்தன, பொழுது விடிவதைப் போல. பொழுது விடிந்ததற்கு யார் யாருக்கு நன்றி சொல்கிறார்கள்?

கொள்கையைத் தளர்த்தி அவர் வங்கிக்குப் பேசினார். பெரிய வங்கி இல்லை. இரண்டு கண்ணாடித் தடுப்பு, ஒரு காவலாளி, ஒரு தொலைபேசி, அதை எடுக்க ஒரு பெண். அவர் தன் பெயரைச் சொன்னதும் அந்தப் பெண், "யாருங்க பேசறது?" என்று கேட்டாள். மறுபடி சொன்னார். கணினியைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, முதலில் படித்த பள்ளிக்கூடம் எது என்று கேட்டாள்.

கண்காணிப்பாளர் சிரித்துக்கொண்டார். தொலைபேசியில் யார் கேட்டாலும் சொந்த விவரம் சொல்லக்கூடாது என்பதுதான் வகுப்பின் முதல் பாடம். வாயில் வந்த ஒரு பள்ளிக்கூடத்தைக் கம்பீரமாகச் சொல்லிவிட்டு வைத்தார்.

அரை மணி நேரத்தில் கணக்கு முடங்கியது.

சரி, உண்மையையே சொல்லிவிடுவோம் என்று மறுபடி பேசினார். தான் படித்த பள்ளிக்கூடத்தின் பெயர், வாத்தியார் பெயர், வாத்தியார் கிள்ளிய தொடை எது என்பது வரை ஒப்பித்தார். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதுவும் தப்பு என்றாள்.

"நான் படிச்ச பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாதாம்மா?"

"தெரிஞ்சா சொல்லியிருப்பீங்களே," என்றாள் அவள். குரலில் மரியாதை குறைந்திருந்தது.

வியாழக்கிழமை மூன்றாவது முறை பேசினார். இந்தத் தடவை, கொஞ்சம் கனமாக இருக்கட்டும் என்று தொண்டையைச் செருமி, குரலை மாற்றிப் பேசினார். அந்தக் கணக்கில் யாரோ ஆள்மாறாட்டம் செய்யப் பார்க்கிறார்கள், மேலிடத்துக்கு எழுதிவிட்டோம் என்று சொல்லி அந்தப் பெண் இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

கண்காணிப்பாளரின் முகம் பிரகாசமானது.

"பாத்தியா? வந்துட்டான். என் பள்ளிக்கூடத்தையே மாத்தி வெச்சிருக்கான். எவ்வளவு நாளா உள்ள இருக்கானோ."

"நாள் ஆகியிருக்கும்," என்றாள் மனைவி. "நான் ஒரு போன் பண்ணட்டுமா?"

"அதைத்தான் அவன் எதிர்பார்க்கிறான்."

அவள் மகளுக்கு எடுத்துவைத்த ஊறுகாய் பாட்டிலைப் பெட்டியில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு மாற்றினாள். இரவு மகள் பேசினாள். குழந்தை கொட்டாவி விடுவதைக் கேட்கவைத்தாள். கண்காணிப்பாளர் காதை எடுக்கவே இல்லை. அவர் மூக்கோடு ஒரு ஜீவன் அங்கே கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிறது, அந்த மூக்குக்குச் சொந்தக்காரர் தான்தான் என்று நிரூபிக்க இங்கே வழியில்லை.

வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, சலவைச் சட்டையோடு வங்கிக்கு நேரிலேயே போனார். கண்ணாடி ஓட்டையில் வாயை வைத்துத் தன் பெயரைச் சொன்னதுமே அந்தப் பெண் விருட்டென்று நிமிர்ந்தாள். அடையாள அட்டை கேட்டாள். பத்திரமாக இருக்கிறது என்றார். எங்கே என்றாள். அது தெரிந்தால் பத்திரமா என்று கேட்டார். கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டார். அவள் தன்னிடம் இருந்த மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, காவலாளிக்குக் கண்ணைக் காட்டினாள்.

காவலாளி நல்ல மனுஷன். சுவரோரம் ஒரு முக்காலி போட்டு, உட்காருங்க ஐயா என்றார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். பிறகு அவருக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

கடைசியில் கண்காணிப்பாளர் கொள்கையை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு வீட்டுக்குப் பேசினார். "நான்தான் நான்னு வந்து ஒரு வார்த்தை சொல்லேன்," என்றார். அந்தக் குரலில் ஊசிகூட இல்லை, நூல்தான் இருந்தது.

மனைவி சாவகாசமாக வந்து சேர்ந்தாள். முக்காலியில் இருந்தவரைப் பார்த்து, பயப்படாதீங்க என்று கையமர்த்தினாள். வங்கியில் கூட்டம் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பெண் கணினியில் குனிந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். மனைவி ஓட்டைக்கு நேராகக் குனிந்து, தன் கட்டைக்குரலில் கணக்கு எண்ணைச் சொன்னாள். கணவரின் பெயரைச் சொன்னாள். பிறந்த தேதியைச் சொன்னாள்.

"முதல்ல படிச்சது, குன்றடிப் பெண்கள் பள்ளிக்கூடம்."

அந்தப் பெண் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள்.

"நல்லவேளை, நீங்களே வந்துட்டீங்க சார். கணக்கைத் திறந்துட்டேன், டிக்கெட் எடுத்துக்கலாம். உங்க பேரைச் சொல்லிக்கிட்டு மூணு நாளா ஒரு ஆள் கீச்சுக் குரல்ல தொந்தரவு பண்ணிட்டிருந்தாரு. அதோ, முக்காலியில உட்கார வெச்சிருக்கோம். அவருக்கு உங்க கையெழுத்துகூடப் போடத் தெரியல."