மூன்றாம் நாள் தக்காளி

வேளாண் வணிகக் கண்காட்சியின் மூன்றாம் நாள் காலை, தக்காளி விவசாயிகள் சங்கச் செயலாளர் தன் அரங்கின் மூடுதுணியை விலக்கியதும், கோபுரமாக அடுக்கி வைத்திருந்த தக்காளி அவர் கண்ணெதிரே ஒரு பக்கமாகச் சரிந்தது.

"ஏங்க, அழுகிடுச்சு," என்றாள் மனைவி.

"அழுகல. கனிஞ்சிருக்கு."

"கனிஞ்சதுக்கு இந்த நாத்தமா?"

இன்னும் கொஞ்ச நேரத்தில் வேளாண் துறை இயக்குநர் வரப்போகிறார். சங்கத்துக்கு ஒரு குளிர்பதனக் கிடங்கு வேண்டும். இடம் சங்கம் தரும், கட்டடம் அரசு தரும் என்பது ஏற்பாடு. அவர் தலையசைத்தால் போதும். அவருடைய அலுவலகத்துக்குப் போனால் வாசல் பெஞ்சோடு திரும்ப வேண்டியதுதான். கண்காட்சியில் மட்டும்தான் இயக்குநர் தானாக நடந்து விவசாயியிடம் வருவார். போன அறுவடையில் விலை படுத்துவிட, வண்டி வண்டியாகத் தக்காளியைச் சாலையோரம் கொட்டிய வயிற்றெரிச்சல் ஊரில் இன்னும் ஆறவில்லை. இதைக் கோட்டை விட்டால் செயலாளர் ஊருக்குள் தலைகாட்ட முடியாது.

அழுகிய பக்கங்களை உள்ளே திருப்பி அடுக்கினார். அழுத்தம் தாங்காமல் நாலைந்து வெடித்து, அவர் வெள்ளைச் சட்டையில் தெறித்தன.

நாற்றம் போக மின்விசிறியைச் சுழலவிட்டார். நாற்றம் போகத்தான் செய்தது, நேராக டிராக்டர் கம்பெனி அரங்குக்கு. அங்கிருந்து ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு சண்டைக்கு வந்தார்.

எதிரே ஒரு குளிர்சாதன லாரி காட்சிக்கு நின்றிருந்தது. அதன் டிரைவர் பொழுது போகாமல் செயலாளரின் நாற்காலியில்தான் மூன்று நாளாக உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் உங்க லாரிக்குள்ள வெக்கட்டுமா?"

"வெக்கலாம். ஆனா இன்ஜினை ஸ்டார்ட் பண்ணக் கூடாதுன்னு உத்தரவு. உள்ள வெளியவிட ஜாஸ்தியா வேகும்."

"அப்புறம் எதுக்கு இங்க நிறுத்தியிருக்கீங்க?"

"பாக்கறதுக்கு," என்றார் டிரைவர், எழுந்திருக்காமலே.

கடைசியில் புதுத் தக்காளி வாங்கி வர மச்சினனை விரட்டினார். அவன் ஒரு பெட்டி நிறையத் தக்காளியோடு ஓடி வந்தான். ஒவ்வொன்றும் மெழுகு தேய்த்தது மாதிரி மின்னியது. ஒவ்வொன்றின் நெற்றியிலும், கறுப்புக் கண்ணாடி போட்ட சூரியன் சிரிக்கும் ஸ்டிக்கர்.

"என்னடா இது, வெளிநாட்டுத் தக்காளியா?"

"சந்தையில ஒண்ணுமே இல்ல மாமா. ஏசிக் கடையில இதுதான் இருந்துச்சு. விலையைக் கேக்காதீங்க, மயக்கம் போட்டுடுவீங்க."

மூவரும் நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டினார்கள். டிரைவர் குனிந்து ஒரு தக்காளியைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நீங்க சும்மா இருங்கண்ணே!" என்று அதட்டினார் செயலாளர்.

அழுகியதெல்லாம் மேசைக்கடிக்குப் போனது. கோபுரம் மறுபடி எழுந்தது. இயக்குநரும் வந்துவிட்டார்.

"அட, பிரமாதமா இருக்கே! முதல் நாள் வெச்சதா இது?"

"அதேதாங்க மேடம்! மூணு நாளா இந்த வெக்கையிலதான் இருக்கு. எங்க மண்ணு அப்படி!"

இயக்குநர் ஒப்புதல் எழுதத் திறந்த பேனாவை மூடினார்.

"அப்ப உங்களுக்கு எதுக்குங்க குளிர்பதனக் கிடங்கு? வெளிய வெச்சாலே வாடலையே. பாவம், கஷ்டப்படற ஊர் ஏதாச்சும் இருந்தா அதுக்குக் குடுக்கலாம்."

மனைவி பார்த்த பார்வையில் செயலாளர் பாதியாகச் சுருங்கினார். இனி மானத்தைப் பார்த்தால் கிடங்கு போய்விடும். மேசை விரிப்பைத் தூக்கினார். ஈக்கள் முதலில் வெளியே வந்தன.

"மன்னிச்சுடுங்க மேடம். இதுதான் எங்க தக்காளி. மேல இருக்கறது கடையில வாங்கினது. பாருங்க, இதுல ஒரு ஸ்டிக்கர்கூடச் சுரண்டாம விட்டுப்போயிருக்கு."

இயக்குநருக்குக் கோபம் வரவில்லை. கீழே ஒரு முறை, மேலே ஒரு முறை பார்த்துவிட்டு இரக்கத்தோடு சொன்னார்:

"உண்மையைச் சொன்னது சந்தோஷம். ஆனா உங்க கோளாறு கிடங்கு இல்லைங்க, ரகம். அந்த ரகம் தாங்குது, உங்க ரகம் தாங்கல. இதைக் கிடங்குல வெச்சாலும் இதே கதிதான். வேற விதை தரச் சொல்றேன்."

பொய் சொன்னாலும் கிடங்கு இல்லை, மெய் சொன்னாலும் கிடங்கு இல்லை. ஊரில் போய் என்ன சொல்வது?

இயக்குநர் அடுத்த அரங்கை நோக்கித் திரும்பினார். அப்போதுதான், மூன்று நாளில் முதல்முறையாக, டிரைவர் நாற்காலியைவிட்டு எழுந்தார்.

"மேடம், ரகம் ரெண்டும் ஒண்ணுதாங்க."

இயக்குநர் நின்றார். பேனா மூடி மெல்லக் கழன்றது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மூணு வாரத்துக்கு முன்னாடி இவங்க ஊர் வயல்லேர்ந்து இந்தத் தக்காளியை ஏத்திட்டுப் போய், எங்க கம்பெனி குளிர் கிடங்குல வெச்சிருந்து, ஸ்டிக்கர் ஒட்டி அந்த ஏசிக் கடையில இறக்கினதே நான்தானே!"